சௌரோனுக்கே முதலாளி ஒருவன் இருந்தான், தெரியுமா?

‘தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ படத்தில் வில்லன் யார் என்று கேட்டால் சின்னப் பிள்ளையும் சௌரோன் என்று சொல்லிவிடும். கோபுரத்து உச்சியில் எரியும் கண், ஒற்றை மோதிரம், கூட்டம் கூட்டமாக ஓர்க் படை. அந்தச் சௌரோன் இன்னொருவனிடம் கைகட்டி வேலை பார்த்தவன், தெரியுமா? அந்த எஜமானின் கதை முடிந்து ஆறாயிரம் ஆண்டுகளுக்கும் மேல் ஆன பிறகுதான் கதாநாயகன் ஃப்ரோடோ மோதிரத்தை எடுத்துக்கொண்டு வீட்டைவிட்டுக் கிளம்புகிறான். சௌரோன் செய்ததெல்லாம் எஜமான் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்த வேலை!

அவன் பெயர் மெல்கோர். ஜே.ஆர்.ஆர். டோல்கீன் (1892–1973) தன் கற்பனை உலகத்துக்காகப் படைப்பில் தொடங்கி ஒரு முழுப் புராணத்தையே எழுதினார். மொழிகளையும் அவரே உண்டாக்கினார். மலைக்கும் ஆற்றுக்கும் வாளுக்கும் குதிரைக்கும் பெயர் வைத்தார். அந்தப் புராணத்தில் முதன்முதலாக எதிர்த்து நின்றவன், முதன்முதலாக விழுந்தவன் இந்த மெல்கோர்தான்.

எதில் எதிர்த்தான் தெரியுமா? பாட்டில்!

ஆமாம், டோல்கீனின் உலகம் பாட்டிலிருந்து பிறந்தது. இலூவாதார் என்ற ஒரே இறைவன் ஐனூர் என்னும் ஆவிகளைத் தன் நினைவிலிருந்து பிறப்பிக்கிறார். ஒரு பல்லவியைக் கொடுத்து, சேர்ந்து பாடுங்கள், அவரவர் கற்பனையையும் சேர்த்து அழகு பண்ணுங்கள் என்கிறார். பாட்டு எழும்புகிறது. அத்தனை பேரிலும் வல்லவன் மெல்கோர். மற்ற ஒவ்வொருவருக்கும் கிடைத்த வரத்திலும் அவனுக்கு ஒரு பங்கு உண்டு. அவனுக்கு அது போதவில்லை. தானே உயிர்களைப் படைக்க வேண்டும் என்று ‘அணையாச் சுடரை’த் தேடி, சூனியத்தில் தன்னந்தனியாக அலைந்தவன் அவன். சுடர் கிடைக்கவில்லை, அது இலூவாதாரிடமே இருந்தது. கிடைத்தது மற்றவர்களுக்கு வராத தனி நினைப்பு. அந்த நினைப்பைப் பாட்டுக்குள் நுழைத்தான். பக்கத்தில் பாடியவர்களுக்குச் சுருதி கலைந்தது. சிலர் வாயை மூடிக்கொண்டார்கள். சிலர் முதல் பல்லவியை விட்டுவிட்டு அவன் மெட்டுக்கு மாறினார்கள்.

இலூவாதார் மூன்று முறை எழுகிறார். முதல் முறை முகத்தில் புன்னகை. இடக்கையை உயர்த்திப் புதிய பல்லவி கொடுக்கிறார். இரண்டாம் முறை முகம் கடுமையாகிறது, உயர்வது வலக்கை. அப்போது பிறக்கும் மூன்றாவது பல்லவி மெல்லியது, ஆழமானது, துக்கம் கலந்தது. மெல்கோரின் இசையோ நாலைந்து சுரத்தையே திரும்பத் திரும்ப ஊதும் எக்காளக் கூட்டம் மாதிரி. சத்தத்தால் அதை அமுக்கப் பார்க்கிறான். என்ன நடக்கிறது தெரியுமா? அவன் வெற்றி வெற்றி என்று உச்சத்தில் எடுக்கும் சுரங்களையே அந்த மெல்லிய இசை வாங்கித் தன் நெசவுக்குள் சேர்த்துக்கொள்கிறது! மூன்றாம் முறை எழும்போது இலூவாதாரின் முகத்தைப் பார்க்கவே முடியவில்லை. இரு கைகளையும் உயர்த்துகிறார். ஒரே ஒரு பெருஞ்சுரம். பாட்டு நிற்கிறது.

அந்தப் பாட்டுதான் பிறகு உலகமாகிறது. மெல்கோர் போட்ட அபஸ்வரமும் சேர்ந்தே உலகமாகிறது. இந்தப் புராணம் முழுவதிலும் எனக்கு மிகவும் பிடித்த இடம் இங்கேதான் வருகிறது. எத்தனை முறை படித்தாலும் உடம்பு சிலிர்க்கும். தண்ணீருக்கு அதிபதி உல்மோ. மெல்கோர் அந்தத் தண்ணீரின் மேல் அளவுமீறிய குளிரை ஏவுகிறான், கெடுத்துவிட வேண்டும் என்று. இலூவாதார் உல்மோவைக் கூப்பிட்டுக் காட்டுகிறார்: அங்கே பார், பனிப்பூ! உறைபனியின் சித்திர வேலையைப் பார்! அளவுமீறிய நெருப்பை ஏவினானே, அதனால் என்ன ஆனது? நீராவி மேலே போய் மேகமானது, மழையானது! தண்ணீர் தான் நினைத்ததைவிட அழகாகிவிட்டதே என்று உல்மோ வியந்து நிற்கிறான். பனியும் மழையும் ஒரு கலகக்காரனின் கெட்ட எண்ணத்திலிருந்து வந்த அழகு! இப்படி ஒரு எண்ணம் ஒரு மனிதர் மனசில் தோன்றியிருக்கிறதே!

ஆனால் ஒன்று. சொந்தமாக ஒன்றைச் செய்ய ஆசைப்பட்டதாலேயே மெல்கோர் விழுந்தான் என்று நினைத்துவிடாதீர்கள். அதே ஆசை இன்னொருவருக்கும் இருந்தது, தெரியுமா? ஐனூர்களில் உலகத்துக்கு இறங்கிவந்து அதை ஆளும் பெரியவர்களுக்கு வாலார் என்று பெயர். அவர்களில் ஆவ்லே கொல்லர். கைவினைக்கெல்லாம் அவர்தான் குரு. மனிதரும் எல்ஃபுகளும் பிறக்கும்வரை காத்திருக்கப் பொறுமையில்லாமல், யாருக்கும் தெரியாமல் மலைக்கு அடியில் குள்ளர்களின் மூதாதையர் 7 பேரை வடித்துவிட்டார்! இலூவாதார் கேட்டதும் ஆவ்லே அழுதுகொண்டே சம்மட்டியை ஓங்கினார், தன் கையால் செய்ததைத் தானே உடைத்துவிட. சம்மட்டியைக் கண்டு அந்தக் குள்ளர்கள் பயந்து குனிந்தார்கள். பொம்மையாக இருந்தால் குனியுமா? அதற்குள் இலூவாதார் அவர்களுக்கு உயிர் கொடுத்திருந்தார். ஆவ்லே கையை விரித்துக் கொடுத்தார். அவருக்குத் திரும்பக் கிடைத்தது. மெல்கோர் கடைசிவரை கையை விரிக்கவே இல்லை.

கையை என்று சும்மா சொல்லவில்லை. அந்தக் கையைப் பற்றி ஒரு காட்சி இருக்கிறது. அதற்கு முன் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பூமிக்கு ஒளி தந்த இரண்டு பெரும் விளக்குகளை மெல்கோர் தள்ளி உடைத்தான். பிடிபட்டான். அங்கைனோர் என்ற சங்கிலியில் கட்டி மூன்று யுகங்கள் சிறை வைத்தார்கள். மன்னிப்புக் கேட்டதும் மான்வே விடுவித்தார். மான்வே யார் தெரியுமா? இலூவாதாரின் நினைவில் மெல்கோருக்குச் சகோதரர், வாலார்களின் அரசர். தீமையே இல்லாத மனசு. அதனால் தீமை எப்படி வேலை செய்யும் என்று அவருக்குப் புரியவே இல்லை. வெளியே வந்த மெல்கோர் நல்லவனாக நடமாடினான். பலரும் நம்பினார்கள். வாலார்களில் ஒருவரான துல்காஸோ, அவன் தன்னைக் கடந்து போகும்போதெல்லாம் கை முஷ்டியை இறுக்கிக்கொள்வாராம்!

அப்போதுதான் எல்ஃபுகளில் தலைசிறந்த கைவினைஞன் ஃபேயனோர் மூன்று மணிகளைச் செய்திருந்தான். அவைதான் சில்மரில்கள். வாலார்களின் நாட்டுக்கு ஒளி தந்த இரண்டு மரங்களின் வெளிச்சமே அவற்றுக்குள் அடைபட்டிருந்தது. மெல்கோர் நைச்சியமாகப் பேசிக்கொண்டே ஃபேயனோரின் வீட்டு வாசலுக்கு வருகிறான். ஃபேயனோர் அவன் கண்ணுக்குள் பார்க்கிறான், ஆசை தெரிந்துவிடுகிறது. போடா என்று திட்டி, உலகத்திலேயே மிகப் பெரிய சக்தியின் முகத்தில் கதவைப் படாரென்று சாத்துகிறான்! அடேயப்பா, என்ன துணிச்சல்!

மெல்கோர் தெற்கே போய் உங்கோலியாந்த் என்ற ராட்சசச் சிலந்தியைக் கூட்டு சேர்த்தான். எவ்வளவு தின்றாலும் அடங்காத பசி அவளுக்கு. கேட்டதையெல்லாம் இரண்டு கையாலும் அள்ளித் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்தான். இருவரும் போனார்கள்; அவன் மரங்களைக் குத்தினான், அவள் ஒளியை உறிஞ்சிக் குடித்தாள். மெல்கோர் ஃபேயனோரின் தந்தை ஃபின்வேயைக் கொன்று மணிகளைத் திருடிக்கொண்டு வடக்கே ஓடினான். வழியில் அவள் மறித்தாள். பசிக்கிறது, கொடு. இடக்கையிலிருந்த நகைகளை ஒவ்வொன்றாக, மனசே இல்லாமல் கொடுத்தான். ஒவ்வொன்றையும் விழுங்கி அவள் இன்னும் பெருத்தாள். ஒரு கையால்தான் கொடுத்திருக்கிறாய், வலக்கையைத் திற என்றாள். வலக்கைக்குள் ஒரு பெட்டி, பெட்டிக்குள் சில்மரில்கள். பெட்டியைத் தாண்டியும் அவை அவன் உள்ளங்கையைச் சுட்டுக்கொண்டிருந்தன. சுடுகிறது, ஆனாலும் விரலைத் திறக்க மாட்டேன் என்கிறான்! அவள் வலையை வீசி நெரித்தாள். அவன் போட்ட கூச்சலில் மலைகள் அதிர்ந்தன. கூட்டாளிகளான பால்ரோக்குகள் நெருப்புச் சாட்டையோடு ஓடிவந்து காப்பாற்ற வேண்டியதாயிற்று. அந்த இடத்துக்கு லம்மோத், அதாவது பேரெதிரொலி என்றே பெயர் நின்றுவிட்டது. அந்தச் சிலந்தியின் வம்சத்தில் வந்தவள்தான் பின்னால் ஃப்ரோடோவைக் குத்திய ஷீலோப்!

வெந்த கை கறுத்தது கறுத்ததுதான், கடைசிவரை ஆறவில்லை. மூன்று மணிகளையும் ஓர் இரும்புக் கிரீடத்தில் பதித்துத் தலையில் வைத்துக்கொண்டான். பாரம் தாங்க முடியாமல் தலை வலித்தது. கழற்றவே மாட்டான்.

பெயர் மாறியதும் அன்றுதான். மெல்கோர் என்றால் வல்லமையோடு எழுபவன். தகப்பனைப் பறிகொடுத்த ஃபேயனோர் அவனுக்கு மோர்கோத், உலகத்தின் கருமைப் பகைவன் என்று பெயர் வைத்தான். எல்ஃபுகளின் சிந்தாரின் மொழியில் மெல்கோர் என்ற பெயருக்கு நேரான வடிவம் பெலெகூர். அதை எல்ஃபுகள் வாயால் சொல்வதே இல்லை. வேண்டுமென்றே திரித்து பெலெகூர்த் என்பார்கள். பெருஞ்சாவு என்று பொருள்! ஒரே ஒலியைக் கூட்டிப் பெருமையைச் சாபமாக்கிவிட்டார்கள். மொழி தெரிந்தவரால் மட்டுமே இப்படி யோசிக்க முடியும்; டோல்கீன் ஆக்ஸ்ஃபோர்டில் பழைய ஆங்கிலம் கற்பித்த பேராசிரியர்.

இத்தனை பெரிய ஆவிக்குப் பயம் உண்டு என்றால் நம்புவீர்களா? வாலார்களில் பயம் என்றால் என்னவென்று அறிந்தவன் அவன் ஒருவன்தான்! எல்ஃபுகளின் அரசன் ஃபிங்கோல்ஃபின், மோர்கோத்தோடு நடந்த போரில் எல்லாம் போய்விட்டது என்ற ஆவேசத்தில், தனியாகக் குதிரையேறி அவனுடைய அங்பாந்த் கோட்டை வாசலுக்கு வந்து கொம்பூதினான். இரும்புக் கதவைத் தட்டி, கோழையே வெளியே வா என்றான். தளபதிகள் கேட்டுக்கொண்டிருக்கும்போது வராமல் இருக்க முடியுமா? மோர்கோத் கருங்கவசம் பூண்டு கோபுரம் போல வந்து நின்றான். கையில் குரோந்த் என்னும் பெரிய சம்மட்டி. அது விழும் இடமெல்லாம் நிலம் பிளந்து பள்ளமாகி, புகையும் நெருப்பும் கிளம்பின. ஃபிங்கோல்ஃபினின் வாள் பனிக்கட்டி போல மின்னியது. ஏழு முறை குத்தினான். ஏழு முறையும் மோர்கோத் அலறினான். கடைசியில் அரசன் களைத்து, அந்தப் பள்ளங்களில் ஒன்றில் கால் இடறி விழுந்தான். மோர்கோத் காலை எடுத்து அவன் கழுத்தில் வைத்தான். சாகும் கணத்தில் அரசன் அந்தக் காலை வெட்டினான்! பள்ளமெல்லாம் கரிய ரத்தம் நிறைந்தது. தோரோந்தோர் என்ற கழுகரசன் பாய்ந்து மோர்கோத்தின் முகத்தைக் கீறிவிட்டு, உடலைத் தூக்கிக்கொண்டு பறந்தது. அன்று முதல் அவன் நொண்டி. ஜெயித்த ஓர்க்குகள் இந்தச் சண்டையைப் பற்றிப் பெருமையடித்ததில்லை. எல்ஃபுகளும் இதைப் பாடியதில்லை, துக்கம் அவ்வளவு. ‘தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ கதையில் மினாஸ் திரித் கோட்டைக் கதவை உடைக்கக் கொண்டுவந்த இடிதூணுக்கு குரோந்த் என்று பெயர் வைத்திருந்தார்களே, அது இந்தச் சம்மட்டியின் ஞாபகம்தான்.

நட்சத்திரங்களுக்கு முன்பே பிறந்த ஆவி ஏன் ஓர் எல்ஃபிடம் வெட்டுப்பட்டது? விடை ‘மோர்கோத்தின் மோதிரம்’ என்ற தலைப்பில் 1993-ல் வந்த தொகுதியில் இருக்கிறது. சௌரோன் தன் சக்தியை ஒரு மோதிரத்துக்குள் அடைத்தான் அல்லவா? மோர்கோத் தன் சக்தியை மண்ணுக்குள், கல்லுக்குள், உலோகத்துக்குள், உயிர்களுக்குள் என்று உலகம் முழுக்க ஊற்றிவிட்டான். இந்த உலகமே அவன் மோதிரம்! எல்லாவற்றையும் தன்னுடையதாக்க எல்லாவற்றிலும் தன்னைக் கரைத்தான். கரையக் கரைய அவன் தேய்ந்தான். நினைத்தால் உருவம் எடுத்து நினைத்தால் களைந்தவன், ஒரே உடம்பில் சிக்கிக்கொண்டான். இதில் டோல்கீன் எவ்வளவு நுணுக்கமாகப் போகிறார் தெரியுமா? தங்கத்தில் மோர்கோத்தின் கூறு அதிகம் என்கிறார். தண்ணீரில் ஏறக்குறைய இல்லவே இல்லை! அந்தப் பனிப்பூ ஞாபகம் வருகிறதா?

ஒருமுறை அவனைத் தூங்கவைத்தது ஒரு பாட்டு. பெரென் என்ற மனிதனும் லூதியன் என்ற எல்ஃப் இளவரசியும், அவன் ஓநாய்த் தோலிலும் அவள் வௌவால் உருவிலும், மோர்கோத்தின் அரியணைக்கு நேராகவே போனார்கள். லூதியன் பாடினாள். அரண்மனை முழுதும் உறங்கியது. மலைச்சரிவு சரிவது போல மோர்கோத் சரிந்து விழுந்தான், கிரீடம் உருண்டது. பெரென் ஒரு மணியைக் கத்தியால் நெம்பி எடுத்தான். இன்னொன்றையும் எடுப்போமே என்று ஆசைப்பட்டான். கத்தி ஒடிந்து துண்டு மோர்கோத்தின் கன்னத்தில் பட்டது. ஓட்டம்! டோல்கீனுக்கு லூதியன் யார் தெரியுமா? மனைவி ஈடித். 1917-ல் யார்க்‌ஷயரின் ரூஸ் என்ற ஊருக்கருகே, வெண்பூச் செடிகள் மண்டிய காட்டில் ஈடித் அவருக்காக ஆடினார். ஆக்ஸ்ஃபோர்டின் உல்வர்கோட் கல்லறையில் இருவர் பெயருக்கும் கீழே லூதியன், பெரென் என்று செதுக்கியிருக்கிறது. இந்தக் கதையின் முதல் வடிவத்தில் சௌரோனே இல்லை. அந்த இடத்தில் இருந்தது தெவில்தோ என்ற பூனைகளின் அரசன். பெரென் அந்தப் பூனையிடம் சமையலறை அடிமை!

அந்த முதல் வடிவங்கள் எங்கே பிறந்தன? போரில். 1916-ல் டோல்கீன் பிரான்ஸின் சோம் போர்முனையில் சமிக்ஞை அதிகாரி. பள்ளி நாளிலிருந்து கூடவே இருந்த மூவரில் ராப் கில்சன் அந்தப் போரின் முதல் நாளான ஜூலை 1 அன்று இறந்தார். ஜெஃப்ரி ஸ்மித் டிசம்பரில். பதுங்குகுழிக் காய்ச்சல் வந்து டோல்கீன் ஊர் திரும்பினார். அடுத்த மாதங்களில் ‘கோந்தோலினின் வீழ்ச்சி’யை எழுதத் தொடங்கினார். அதில் மெல்கோ (அப்போது ‘ர்’ கிடையாது) அழகிய நகரத்தை அழிக்க இரும்பு டிராகன்களை அனுப்புகிறான். அவற்றின் வயிற்றுக்குள் ஓர்க் வீரர்கள் உட்கார்ந்து வருகிறார்கள். உலகத்தில் முதன்முதலாகப் போர்க்களத்தில் டாங்கி உருண்டதும் அதே சோமில்தான், 1916 செப்டம்பர் 15-ல்! வாசித்துவிட்டு அந்தத் தேதியைப் பார்த்தால் நெஞ்சு கனக்கும்.

எழுதி எழுதி மாற்றி, முடிக்காமலே போனார் டோல்கீன். மகன் கிறிஸ்டோபர் தாள் தாளாகத் தொகுத்து 1977-ல் ‘சில்மரில்லியன்’ கொண்டுவந்தார். அதோடு நிற்காமல் 1983 முதல் 1996 வரை 12 தொகுதிகள்! மோர்கோத்தை இன்று நாம் இவ்வளவு அறிந்திருப்பது அந்த மகனின் உழைப்பால்.

மோர்கோத்தின் பெயர் பாறைக்குள்ளும் புகுந்திருக்கிறது, தெரியுமா? டைனோசர்கள் அழிந்தபின் வாழ்ந்த ஒரு சிறு தாவர உண்ணிப் பாலூட்டிக்கு 1978-ல் லீ வான் வாலென் வைத்த பெயர் மிமட்டூட்டா மோர்கோத். மோர்கோத்தின் மிகப் பெரிய டிராகன் அங்கலகோன். அது செத்து விழுந்தபோது மலைகள் நொறுங்கின. அந்தப் பெயர் கனடாவின் பர்ஜெஸ் ஷேல் பாறையில் கிடைத்த, 50 கோடி ஆண்டுக்கு முந்தைய ஒரு குட்டிக் கடற்புழுவுக்கு! வானத்தில் நெப்டியூனுக்கு அப்பால் 2003-ல் கண்டறிந்த ஒரு பொருளுக்கு மான்வே என்றும், அதைச் சுற்றும் துணைக்கு தோரோந்தோர் என்றும் பெயர். மோர்கோத்தின் முகத்தைக் கீறிய அதே கழுகு!

மோர்கோத்தின் முடிவு என்ன ஆயிற்று? பெரும்போரில் தோற்றான். போரின் அதிர்ச்சியில் பெலெரியாந்த் என்ற நிலப்பரப்பே கடலுக்குள் போயிற்று. இரும்புக் கிரீடத்தை அடித்து வளைத்து அவன் கழுத்துக்கே பட்டையாக்கினார்கள். பழைய அங்கைனோர் சங்கிலி மறுபடி வந்தது. இரவின் வாசலைத் திறந்து, காலமில்லாத சூனியத்துக்குள் தள்ளினார்கள். அணையாச் சுடரைத் தேடி முதல் முதலில் எங்கே தனியாக அலைந்தானோ, அங்கேயே. ஆனாலும் அவன் பெயர் ஓயவில்லை. பல ஆயிரம் ஆண்டு கழித்து சௌரோன் நூமெனோர் தீவின் தலைநகரில் அவனுக்கு 500 அடி உயரத்தில் கோயில் கட்டினான். சுவர் அடியில் 50 அடி கனம்! சாவுக்குப் பயந்தவர்கள் அங்கே போய் நரபலி கொடுத்தார்கள். அந்தத் தீவும் கடலுக்குள் போயிற்று.

லூதியனும் பெரெனும் மீட்ட அந்த ஒரு மணி மட்டும் வானத்துக்குப் போனது. எயாரெந்தில் என்ற மாலுமி அதை நெற்றியில் கட்டிக்கொண்டு, சூனியத்துக்குள் இருப்பவன் திரும்பி வந்துவிடாதபடி வானத்தின் எல்லையில் கப்பல் ஓட்டிக் காவல் காக்கிறான். நாம் வெள்ளி என்கிறோமே, அதுதான் அந்தக் கப்பல். கலாத்ரியேல் ஃப்ரோடோவின் கையில் கொடுத்த கண்ணாடிக் குப்பியில் இருந்ததும் அதே ஒளிதான். 22 வயது டோல்கீன் 1914 செப்டம்பரில், பழைய ஆங்கிலக் கவிதையொன்றில் பார்த்த எயாரெந்தெல் என்ற ஒரு சொல்லை வைத்துத்தான் இந்தப் புராணத்தின் முதல் கவிதையை எழுதினார். மெல்கோர் உட்பட எல்லாம் அதற்குப் பின் வந்தவை. ஹபிள் தொலைநோக்கி, 1,290 கோடி ஆண்டுகள் பயணம் செய்து வந்த ஒரு தனி நட்சத்திரத்தின் ஒளியைப் பிடித்ததாக 2022 மார்ச்சில் அறிவித்தார்கள். அவ்வளவு தொலைவில் தனித்துத் தெரிந்த விண்மீன் அதுவரை வேறு இல்லை. வானியலாளர்கள் அதற்கு வைத்த பெயர் எயாரெந்தெல்.